கீழ் வீட்டுக்குச் சொன்ன பதில்

எச்சரிக்கை ஒலியை நிறுத்திய பிறகும் அது கேட்டுக்கொண்டே இருந்தது.

சின்னவள் முதலில் தன் கைப்பேசிதான் அடங்கவில்லை என்று நினைத்தாள். எடுத்துப் பார்த்தாள். திரை அணைந்திருந்தது. சற்று முன்புதான் படித்திருந்தாள்: மிகக் கனமழை, தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் உடனே மேடான இடத்துக்குப் போகவும். ஆனால் அதே கீச்சு ஒலி, பழந்துணிக்குள் பொதிந்து வைத்ததுபோல் மங்கலாக, அவளுடைய உள்ளங்காலுக்கு அடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. மழை ஓசைக்குள் அது புகுந்து, தேய்ந்து, நின்றுபோனது.

கீழே யாரும் இல்லை. கீழ் வீடு பூட்டிக் கிடந்தது. சாவி அவளுடைய பீரோவில் இருந்தது. உள்ளே ஒரு நாற்காலிகூடக் கிடையாது. போன மழைக்காலத்தில் எல்லாவற்றையும் சேற்றோடு வாரி வெளியே கொட்டியாயிற்று. போதாததற்கு, ஆள் குடியிருந்த காலத்திலேயே கீழ் வீட்டில் கைப்பேசிக்கு சிக்னல் கிடைத்ததில்லை.

அதனால்தான் கம்பு வந்தது. கீழே இருந்த பெரியவள், சின்னவளுடைய கணவனின் அண்ணன் மனைவி, வானம் இருட்டினால் துடைப்பக் கம்பை எடுத்து மேல்தளத்தை இரண்டு தட்டு தட்டுவாள். 'வானிலை என்ன சொல்லுது?' என்று அர்த்தம். மேலே சின்னவள் கைப்பேசியைப் பார்த்துவிட்டுக் காலால் பதில் சொல்வாள். ஒரே ஒரு மிதி என்றால் ஒன்றுமில்லை, பயப்படாதே. படபடவென்று மிதித்தால், எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு மேலே வா. ஓரகத்திகள் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசியதைவிடத் தளத்தின் வழியாகப் பேசியதுதான் அதிகம் என்று அவள் கணவன் கேலி செய்வான்.

அந்தப் பருவத்தில் எச்சரிக்கைக்குப் பஞ்சமே இல்லை. வருகிறது, வருகிறது என்று கைப்பேசி அலறும். வானம் நாலு தூறலைத் தூவிவிட்டுப் போய்விடும். ஒவ்வொரு முறையும் பெரியவள் மகளையும் மெத்தையையும் மிக்சியையும் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வந்து, மறுநாள் மதியம் வரைக்கும் இறங்க மாட்டாள். வீடெங்கும் ஈரக்கால் தடம். கடைசியாக வந்தபோது சமையலறை அலமாரியைத் திறந்து, "இவ்ளோ இடத்த வெச்சுக்கிட்டு இப்படிக் குப்பையாவா போட்டு வெப்ப?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனாலும் சுருக்கென்று தைத்துவிட்டது.

அடுத்த முறை கைப்பேசி அலறியபோது சின்னவள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து இரண்டு தட்டு வந்தது. இதுவும் புஸ்வாணம்தான், இவர்கள் மறுபடி மூட்டையோடு ஏறி வர வேண்டாம் என்று நினைத்தாள். காலைத் தூக்கி ஒரே ஒரு மிதி மிதித்தாள்.

சிறிது நேரம் கழித்து மறுபடியும் இரண்டு தட்டு. நிஜமாகவா என்று கேட்பதுபோல், தயங்கித் தயங்கி.

மறுபடியும் ஒரு மிதி. இந்த முறை சற்றுப் பலமாகவே.

அன்று நள்ளிரவில் ஏரிக்கரை உடைந்தது. மின்சாரம் போனதால் தண்ணீர்த்தொட்டி மேலிருந்த சைரன் ஊதவில்லை. ஊரே சைரனைத்தான் திட்டியது. அவளும் திட்டினாள். தான் தூங்கிவிட்டதாகச் சொன்னாள். அன்று வெளியூர் போயிருந்த மூத்தவர், மனைவியையும் மகளையும் ஒரே நாளில் பறிகொடுத்து, ஊரைவிட்டுப் போகும்போது அவளிடம் வந்து, "நீ முழிச்சிருந்தா எப்படியும் சொல்லியிருப்பம்மா. உன் மேல தப்பு இல்ல. மனசுல வெச்சுக்காத" என்றார். அந்த வார்த்தை அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவிடாமல் தொண்டையிலேயே நிற்கிறது. அதற்குப் பிறகு ஒரு எச்சரிக்கையையும் அவள் விட்டதில்லை. கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வாள், பேட்டரி ரேடியோவை வாங்கி வைத்தாள், புது சைரனைச் சோதிக்கும் நாளில் வாசலில் நின்று காது கொடுப்பாள். தெருவில் எல்லோருக்கும் ஓடி ஓடிச் சொல்வாள். "பொறுப்பான பொண்ணு" என்று பேர் வந்துவிட்டது. அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளத் தோன்றும்.

இப்போது மாலைதான். ஆனால் மேகம் இறங்கி, ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் சாம்பலாகி, சாம்பலும் கரைந்துகொண்டிருந்தது. மின்சாரம் போய்விட்டது. குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் நின்றதும் வீட்டில் இருந்த மற்ற ஓசைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன: குழாயின் சொட்டு, ஜன்னல் கொக்கியின் அசைவு, படிக்கட்டில் தண்ணீர் சரிந்து இறங்கும் சலசலப்பு. அவற்றின் ஊடாக, கதவிடுக்கு வழியே, ஊறிய மெத்தையின் வாடை மெல்ல ஏறி வந்தது. சேறும் பஞ்சும் புளித்த வாடை. அவளுக்கு அது தெரியும். அந்த மெத்தையை இழுத்து வெளியே போட்டவர்களில் அவளும் ஒருத்தி.

அப்போது தட்டியது.

இரண்டு தட்டு.

அவள் அசையவில்லை. எலியாக இருக்கும். ஏதாவது கட்டை மிதந்து வந்து இடிக்கும். ஆனால் மிதக்கிற கட்டை இப்படி எண்ணித் தட்டாது. நாற்காலியிலிருந்து எழுந்து சமையலறைக்குப் போனாள். கால் வைத்த இடத்துக்கு நேர் கீழே, இரண்டு தட்டு. படுக்கையறைக்குப் போனாள். கட்டிலில் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்தாள். கட்டிலுக்குக் கீழே, இரண்டு தட்டு. கோபமாக இல்லை. கேட்கிற மாதிரி. பதில் வரும் என்று நம்புகிற மாதிரி.

கணவனை அழைத்தாள். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக் அவன். பின்னால் யாரோ இரும்பை அடிக்கும் சத்தம் கேட்டது.

"என்னடி?"

"சீக்கிரம் வந்துடுங்க. எனக்குப் பயமா இருக்கு."

"மழைக்கா? நீதானே ஊருக்கே தைரியம் சொல்றவ."

"கீழ... கீழ சத்தம் கேக்குது."

"எலியா இருக்கும். தண்ணி ஏறுதா?"

"தெரியல. நீங்க வாங்களேன்."

"சரி சரி, கெளம்பிட்டேன். அழாத."

அழுகிறோம் என்பதே அவன் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. பிறகு கைப்பேசியில் சிக்னல் கோடு ஒவ்வொன்றாகக் குறைந்து, இல்லாமலே போனது.

ஜன்னலைத் திறந்து பார்த்தாள். சந்து இல்லை. வேலி இல்லை. வடிகால் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்ற அடையாளமே இல்லாமல் கறுப்பாக ஒரு பரப்பு. கீழ் வீட்டு ஜன்னல்களின் மேல் விளிம்பு மட்டும் வெளியே தெரிந்தது. அப்படியென்றால் உள்ளே தண்ணீர் ஆள் உயரத்துக்கு மேல். கம்பைப் பிடித்துத் தட்டுகிறவர் எங்கே நின்று தட்டுகிறார்?

இரண்டு தட்டு.

"அக்கா," என்றாள் வாய்விட்டு. குரல் கிழிந்தது. "அக்கா, வேணாம்."

இரண்டு தட்டு. கூடவே, பக்கத்தில், கம்பு எட்டாத சிறிய கையால் தட்டியதுபோல் மெல்லிய இரண்டு.

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. தரையில் இறங்கினாள். மிதித்தாள். அன்று மிதித்திருக்க வேண்டியதையெல்லாம் சேர்த்து மிதித்தாள், குதிகால் வலிக்க, படபடவென்று, "வந்துடுங்க, மேல வந்துடுங்க, பொய் சொல்லிட்டேன்க்கா, பொய் சொல்லிட்டேன், பாப்பாவத் தூக்கிட்டு வந்துடுங்க" என்று கத்திக் கத்தி மிதித்தாள். மூச்சு வாங்க நின்றாள். மழை. குழாயின் சொட்டு. வேறொன்றும் இல்லை.

பிறகு கீழேயிருந்து பதில் வந்தது.

ஒரே ஒரு தட்டு.

ஒன்றுமில்லை, பயப்படாதே. அவள் சொன்னதைத்தான் அவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள்.

சந்தின் மேட்டில் ஒரு டார்ச் வெளிச்சம் தெரிந்தது. கணவன். தண்ணீரின் விளிம்பில் நின்று விளக்கை இப்படியும் அப்படியும் ஆட்டினான்.

"ஏய்! வடிகால் எங்கன்னே தெரியலடி! இந்தப் பக்கமா வரலாமா?"

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். வராதீங்க. அங்கேயே நில்லுங்க. வார்த்தை தொண்டை வரை வந்து, அங்கே வெகுநாளாக நின்றிருந்த எதன் மீதோ மோதி, காற்றாக வெளியே போனது.

கீழ் வீட்டிலிருந்து ஒரு குரல் பதில் சொன்னது. தெளிவாக. மழையைத் தாண்டி.

"ஒண்ணும் இல்லீங்க. பயமில்லாம வாங்க."

அது அவளுடைய குரல். 'வாங்க'வை ஒரு இழுப்பு இழுத்து முடிக்கும் அவளுடைய பழக்கம்கூட அப்படியே இருந்தது.

"சரி, வரேன்!" என்றான் அவன் நிம்மதியாக.

டார்ச் நகர்ந்தது. அவள் கம்பியை உலுக்கினாள். அலறினாள். இப்போது குரல் வந்தது. மழை அதை அப்படியே வாங்கிக்கொண்டது. வெளிச்சம் முழங்கால் உயரத்துக்கு இறங்கியது. இடுப்புக்கு. ஒருமுறை வானத்தைப் பார்த்துச் சுழன்றது.

உள்ளே போனது.

அணையவில்லை.

தண்ணீருக்கு அடியில் மஞ்சளாக எரிந்துகொண்டே, ஓடுகிற வெள்ளத்துக்கு எதிராக, அவசரமில்லாமல், வீட்டை நோக்கி வந்தது. கம்பிக் கதவைக் கடந்தது. கீழ் வீட்டு ஜன்னல் வழியே உள்ளே நுழைந்தது. அறை அறையாகப் போனது. கூடம். சமையலறை. யாரோ கையைப் பிடித்து இடம் காட்டுவதுபோல், ஒவ்வொரு இடத்திலும் சற்று நின்றது. மூழ்கிய ஜன்னல்கள் ஒவ்வொன்றாக வெளிச்சமாயின. அந்த வெளிச்சத்துக்குக் குறுக்கே உயரமான ஒரு நிழலும், அதன் இடுப்பளவே உள்ள இன்னொரு நிழலும் போய்வந்தன. மூன்றாவதாக ஒன்று, புதிதாகக் குடிவந்தவன்போல், ஓரமாக நின்றது.

பிறகு வெளிச்சம் படுக்கையறைக்கு வந்து, மெல்ல நிமிர்ந்து, மேல்தளத்தைப் பார்த்து நின்றது. அவள் நின்றிருந்த தரையின் ஓடுகளுக்கு இடையே இருந்த கோடுகள் எல்லாம், ஒவ்வொன்றாக, மஞ்சளாக ஒளிரத் தொடங்கின.