விளக்கில் பூத்த வெள்ளை

பழைய பேப்பரில் சுற்றிய காமாட்சி விளக்கை மடியில் வைத்துக்கொண்டு, முகக்கவசத்தைக்கூடக் கழற்றாமல், தெங்கேராவில் யோகத்தின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள் புனிதா. கடலோரக் கிளேபாங்கில் வீடும் சாப்பாட்டுக் கடையுமாக இருப்பவள். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவள். இன்றைக்கு என்னவோ வார்த்தை தடுமாறித் தடுமாறி வந்தது.

"ஆன்ட்டி, ரெண்டு மூணு நாளா இந்த விளக்கு நின்னு எரிய மாட்டேங்குது. திரி கருகாம வெள்ளையாப் பூக்குது. அடுத்த வாரம் மகளுக்குக் கல்யாணம். யாரோ செய்வினை வச்சிட்டாங்க லா!"

"யாரோ எண்டால்?"

"வேற யாரு? என் நாத்தனா இருசம்மாதான். புருஷன் செத்ததுலேருந்து எங்க வீட்டுலதான் இருக்கா. விளக்குக்கு எண்ணெய் ஊத்துறதும் அவதான். நான் சொன்னா என் வீட்டுக்காரர் நம்ப மாட்டாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இன்னிக்கே பெட்டியக் கட்டச் சொல்லிடுறேன்."

இருசம்மாளுக்கு அந்த வீட்டை விட்டால் போக்கிடம் கிடையாது. அது புனிதாவுக்கும் தெரியும்; கோபத்தில் மறந்திருந்தாள், அவ்வளவுதான்.

யோகம் ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கம்பக்கத்தில் எது புரியாமல் போனாலும் அவரிடம்தான் வந்து சேரும். எதற்கும் பதறமாட்டார். அவருக்கும் சேர்த்துப் பதறுவதற்குக் கணவர் கிருபாலன் இருந்தார். அவர் அதற்குள் பூதக்கண்ணாடியோடு வந்து நின்றார்.

"கடற்காத்து, யோகம்! உப்புத்தான் திரியில படிஞ்சிருக்கு. கேஸ் முடிஞ்சுது!"

"அப்ப கிளேபாங்கில ஒரு வீட்டிலயும் விளக்கு எரியக் கூடாதே," என்றார் யோகம். "பிள்ளை, முதல்ல தேத்தண்ணியைக் குடியும்."

புனிதா முகக்கவசத்தை இறக்கிவிட்டுக் குடித்தாள். ஆவி பறக்கும் தேநீர் உதட்டோரம் வழிந்து சட்டையில் சொட்டிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அவசரமாகத் துடைத்துக்கொண்டு, மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்றாள். எதற்கென்று சொல்ல அவளுக்கு விருப்பமில்லை.

விளக்கில் சிந்தாமல் மிச்சமிருந்த எண்ணெயை யோகம் ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றிவைத்தார். சற்று நேரத்தில் அது இரண்டாகப் பிரிந்தது. மேலே மஞ்சளாக நல்லெண்ணெய். அடியில் நிறமே இல்லாத இன்னொன்று. அடியில் இருந்ததை முகர்ந்து பார்த்தார், வாசனை இல்லை. புதுத் திரியை அதில் நனைத்துக் கொளுத்தினார். சிணுங்கிச் சிணுங்கி எரிந்து, வெள்ளைத் தூளை விட்டுவிட்டு அணைந்தது.

"சமையல் எண்ணெய் எண்டால் நல்லெண்ணெயோட கலந்திருக்கும், எரிஞ்சால் கரி விடும். தண்ணி மருந்து எண்டால் எரியவே எரியாது. இது ரெண்டும் இல்ல. சிலிக்கோன் எண்ணெய்."

"ட்ரெட்மில்லுக்குப் போடுறது!" என்று துள்ளினார் கிருபாலன். "வீட்டில ட்ரெட்மில் இருக்கோ?"

"கடையில நான் ஓடுற ஓட்டம் பத்தாதா அங்கிள்?"

"இருசம்மாளுக்குப் போன் எடுங்கோ," என்றார் யோகம் கணவரிடம்.

புனிதாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கிருபாலன் அவளிடம் நம்பரை வாங்கிப் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி யோகத்தின் போனை மேசைமேல் வைத்துவிட்டார். யோகம் கேட்டதும் இருசம்மாள் ஒளிக்காமல் சொன்னாள்.

"ஆமாங்க, நான்தான் ஊத்துனேன். நல்லெண்ணெய் தீரப்போச்சு. சாமி அலமாரியில கற்பூர டப்பாவுக்குப் பின்னால சின்னதா ஒரு போத்தல் இருந்திச்சு. கல்யாணத்துக்குன்னு அண்ணி ஒசத்தியா வாங்கியிருக்காங்கன்னு நெனச்சேன். யாரும் என்கிட்ட கேக்கவே இல்லையே?"

புனிதா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் போத்தலை அங்கே ஒளித்து வைத்தவள் அவளேதான்.

"அப்ப குற்றவாளி ஆர்?" கிருபாலனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"சூடான தேத்தண்ணி வழிஞ்சது இந்தப் பிள்ளைக்குத் தெரியேல்ல. வாயோரம் மரத்துப்போயிருக்கு. மரக்கிற கிரீம் பூசி, அது தெரியாமல் இருக்க முகக்கவசமும் போட்டு வந்திருக்கிறா. மத்தியானம் ஆரோ ஊசியோட வந்து அந்தப் போத்தல்ல இருக்கிறதை ஏத்தப்போகினம். வாயோரச் சுருக்கத்துக்கு. சரியோ பிள்ளை?"

புனிதா ஒத்துக்கொண்டாள்.

"மகளுக்கு மேக்கப் ட்ரையல் பாக்க வந்தவ சொன்னா ஆன்ட்டி. அம்மாவுக்கு ஒரு ஊசி போட்டா பத்து வயசு கொறஞ்சிடும், டாக்டருங்க போடுற அதே ஜெல்தான்னா. மருந்தை முன்கூட்டியே குடுத்துட்டுப் போனா. என் வீட்டுக்காரர் கண்ணுல படக்கூடாதுன்னுதான் சாமி அலமாரியில வச்சேன். அவரு விழுந்து கும்பிடுவாரே தவிர, அலமாரிய மட்டும் தொறக்க மாட்டாரு."

"டொக்டர்மார் வழமையாப் போடுற ஜெல் தண்ணியில ஆனது. பிழைச்சால் கரைக்க மருந்து இருக்கு. இது சுருக்கத்துக்குப் போட அனுமதியே இல்லாத சாமான். உள்ள போனால் கரையாது. இடம் மாறும். கன வருசத்துக்குப் பிறகும் கட்டி கட்டியா எழும்பலாம், வெட்டி எடுக்கிறதும் லேசில்ல. இரத்தக் குழாய்க்குள்ள போனால் கண் போகலாம், உயிரே போகலாம்."

புனிதா கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பாதி இடத்தில் தொடுவது தெரியவில்லை. மறுபடி தொட்டாள். கட்டி இல்லை, வீக்கம் இல்லை, தன்னுடைய பழைய முகம் அப்படியே இருந்தது. அந்த முகத்தை அவள் அத்தனை ஆசையாக ஒருநாளும் தொட்டதில்லை. சட்டென்று யோகத்தின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க என்னைக் காப்பாத்திட்டீங்க ஆன்ட்டி."

"நான் திரியைப் பார்த்ததோட சரி. அவ ஊத்தியிராட்டி நீர் இங்க வந்தே இருக்கமாட்டீர். நன்றியை அங்க சொல்லும்."

மருந்து அமலாக்கப் பிரிவுக்குப் புகார் சொல்லக் கிருபாலன் தம் போனோடு வாசலுக்கு ஓடினார். மேசைமேலிருந்த போனை யாரும் அணைத்திருக்கவில்லை.

"அண்ணி, நான் ஊத்துனது தப்பா?"

"தப்பெல்லாம் எம்மேல இருசு. நீ என் உசுரையே காப்பாத்தியிருக்கடி. கல்யாணத்தன்னிக்கு மண்டப வாசல்ல பன்னீர் தெளிக்க என் பக்கத்துல நீ நிக்கிற."

"நானா? தாலி அறுத்தவ வாசல்ல நின்னா சனங்க என்ன சொல்லும்?"

"வர்றவங்க என் மூஞ்சியப் பாப்பாங்கல்ல? அது மூஞ்சியா இருக்கிறதே உன்னாலதான்னு சொல்லுவேன்."

புனிதா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

"அந்த மேக்கப்காரி வந்தா கதவத் தொறக்காத. நீயும் எங்கேயும் போயிடாத, இருசு. நான் வீட்டுக்கு வந்துக்கிட்டே இருக்கேன்."