இரண்டு வி

அம்மா கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்பவர். பிளாஸ்டிக் தகட்டில் எழுத்துகளை அறுத்துப் பலகையில் ஒட்டுவார். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகளை எல்லோரும் வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள்.

தெருக்கோடியில் கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவர் புதுக்கடை போட்டிருந்தார். மறுநாள் காலை திறப்பு. ‘வாட்ச்’ என்று ஆங்கிலத்தில் ஒட்ட ஐந்து சிவப்பு எழுத்துகள் தயாராக இருந்தன. அம்மா கடை வாசலில் ஏணியில் நின்று கை நீட்டினார். முதல் எழுத்தான டபிள்யூவை எடுத்த வாண்டுவின் கை வழுக்கியது. எழுத்து தரையில் விழுந்து மூன்று துண்டானது.

“நான்தாம்மா கீழ போட்டுட்டேன்” என்றாள், அம்மா கேட்பதற்கு முன்பே.

“சிவப்புத் தகடு தீர்ந்துபோச்சே. இனி திங்கட்கிழமைதான் வரும்.”

கடிகாரக்காரரின் முகம் தொங்கிப்போனது. “அதுவரைக்கும் ‘ஆச்’னு போர்டு மாட்டினா, தும்மல் போடற இடம்னு நினைப்பாங்க.”

வாண்டு பட்டறைக்கு ஓடினாள். மிச்ச எழுத்துப் பெட்டியில் ஓர் எம் இருந்தது. தலைகீழாகப் பிடித்தாள். கால்கள் இரண்டும் நெட்டுக்குத்தாக நின்றன. சரிப்படவில்லை. அடியில் அதே அளவில் இரண்டு சிவப்பு வி கிடந்தன. அவற்றை எடுத்துவந்து அருகருகே வைத்தாள்.

“பேரே டபுள் யூ. நீ வியைக் கொண்டுவந்திருக்கியே?” என்றார் கடிகாரக்காரர்.

“ரொம்ப காலத்துக்கு முன்னாடி யூவும் வியும் ஒரே எழுத்துதான் மாமா. மிஸ் சொன்னாங்க. இந்தச் சத்தத்துக்கு அதையே ரெண்டு தடவை எழுதுவாங்களாம். அச்சுக்கூடத்துல டபிள்யூ பத்தலைன்னாலும் ரெண்டு வியைத்தான் கோப்பாங்களாம்.”

“அது அந்தக் காலம். இப்ப யாராவது ‘விவி’னு படிச்சா?”

வாண்டு குனிந்து பார்த்தாள். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தது.

“உள்பக்க முனையைக் கொஞ்சம் தேய்ச்சா ஒட்டி உட்காருமாம்மா?”

அம்மா ஏணியிலிருந்து இறங்கினார். அரத்தை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார்.

பலகை முடிந்ததும் வாண்டு தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றாள். தபால்காரர் சைக்கிளில் வந்தார்.

“அந்த போர்டைக் கொஞ்சம் படிங்களேன்” என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். தெருவைக் கடந்து கடைக்குள் போய், மணிக்கட்டிலிருந்த கடிகாரத்தைக் கழற்றினார்.

“ரெண்டு நாளா ஓடலை. இப்பவே பார்க்கறீங்களா, நாளைக்கு வரட்டுமா?”

கடிகாரக்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.