எழுதுபவர் தலை தூக்கக் கூடாது

ஆள்காட்டிக் குருவி ஆளைக் கண்டால்தான் அப்படிக் கத்தும். மனிதனோ நாயோ தன் முட்டைப் பக்கம் வந்தால் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றி ஊரைக் கூட்டும்; மற்ற நேரத்தில் கட்டாந்தரையில் தன் பாட்டுக்கு நடந்து திரியும். பதினோரு வருடமாக நுஸைபா பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை விடியலில், புதூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில், தன்னையும் இசக்கிமுருகனையும் தவிர ஈ காக்கை இல்லாத வெளியில், தூரத்தில் ஓர் ஆள்காட்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. பருத்திமாரைப் பிடுங்கி, மக்காச்சோளத் தட்டையை அறுத்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த நிலம். முயல் ஓடினால்கூடத் தெரியும். குருவி ஓரிடத்தில் நின்றும் கத்தவில்லை; நடந்துவரும் ஒருவரின் தலைக்கு மேலேயே கூடவே வருவதுபோல, மெல்ல மெல்ல இந்தப் பக்கமாக வந்தது. கீழே யாரும் இல்லை.

"அண்ணாச்சி, அது எதைப் பாத்துக் கத்துது?"

"ஆளைப் பாத்துத்தான் டீச்சர்," என்றார் இசக்கிமுருகன். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கோவில்பட்டியில் பறவை பார்க்கிறவர்கள் சிலர் சேர்ந்து ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் எடுக்கிற கணக்கு இது. இரண்டு பேருக்கு ஐந்து இடம், இடத்துக்குக் கால் மணி நேரம். ஒருவர் பார்த்துச் சொல்வார், ஒருவர் எழுதுவார். சொல்பவர் குனியக் கூடாது. எழுதுபவர் தலை தூக்கக் கூடாது. இரண்டு பேரும் பார்த்தால் ஒரு குருவி இரண்டாகிவிடும். ஆறு வருடமாக இசக்கிமுருகன் சொல்கிறார், நுஸைபா எழுதுகிறாள். அவர் ஆடு மேய்க்கிறவர். பைனாகுலரைத் தொட மாட்டார்; அவள் கண்ணைச் சுருக்கித் தேடுவதற்குள் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவார்.

போன வருடமும் அப்படித்தான் சொன்னார். ஐந்தாவது இடம், மிளகாய்த் தோட்டத்தை ஒட்டிய குட்டை. அதைச் சுற்றி மயில்கள் செத்துக் கிடந்தன. எல்லாமே கழுத்தைத் தண்ணீர்ப் பக்கமாக நீட்டிக்கொண்டு. பயிரைக் கொத்தும் மயிலுக்காகத் தண்ணீரில் கலந்திருந்த பூச்சிமருந்தின் வாடை வரப்பு வரைக்கும் அடித்தது.

"மயில், ஆண் அஞ்சு, பெண் பன்னெண்டு," என்றார் அவர்.

படிவத்தில் மயிலுக்கு மட்டும் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. நுஸைபாவின் பேனா இரண்டு கட்டத்துக்கும் மேலே நின்றது. அந்தத் தோட்டம் அவள் வேலை பார்க்கும் பள்ளியின் தாளாளருடையது. அவள் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அப்போது அவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"உயிரோட இருக்கதைத்தான் எழுதணும் அண்ணாச்சி. செத்ததுக்கு இதுல இடம் இல்ல."

"அப்ப ஃபாரஸ்ட்ல சொல்லிருவோம். நாளைக்கு ஆளு குடிச்சா என்ன செய்ய?"

"ஒண்ணும் இல்ல. நான் பாத்துக்கிடுதேன்."

இரண்டு கட்டத்திலும் பூஜ்யம் போட்டாள். பதினேழு மயில், முழுப் பூசணிக்காய், சோற்றுக்குள் போயிற்று. அன்றைக்கு அவள் நோன்பு வேறு. ஒரு வாய் எச்சிலைக்கூட யோசித்து விழுங்குகிற நாளில் அந்தப் பொய்யை எழுதினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வரும்.

இசக்கிமுருகன் அவளை நம்பினார். மறுநாளே கயத்தாறு பக்கம் ஆட்டுக்கிடை போடப் போய்விட்டார். மூன்றாம் வாரம் அவர் மனைவி சீனித்தாய் அந்தத் தோட்டத்துக்கு மிளகாய்ப் பழம் பறிக்கக் கூலிக்குப் போனாள். உச்சி வெயிலில் குட்டைத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தாள். வெயில் தாக்கிச் செத்தாள் என்று ஊர் சொன்னது. துட்டி கேட்கப் போன நுஸைபாவிடம் இசக்கிமுருகன் கேட்டது ஒன்றுதான்: "டீ குடிக்கீங்களா டீச்சர்?" நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். வேலை நிரந்தரமாயிற்று. தூக்கம்தான் போயிற்று. இந்த வருடம் அவராகவே போன் செய்து, "கணக்கெடுக்க வாரீங்கள்ல?" என்றபோது மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். காலையிலிருந்து அவள் பறவையைக் கவனிக்கவில்லை, அவர் வாயைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குக் கேட்டுவிடுவார். இந்த இடத்தில் இல்லாவிட்டால் அடுத்த இடத்தில் கேட்டுவிடுவார். முதல் இடத்தில் தவிட்டுப்புறா ஆறு, கரிச்சான் இரண்டு, பனங்காடை ஒன்று என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது இடத்தில் அவளுக்கு நா வறண்டது. தண்ணீர் பாட்டில் ரோட்டோரம் நிறுத்திய ஸ்கூட்டியிலேயே தங்கிவிட்டது. அவர் தோள்பையிலிருந்து பழைய கலர் பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருக்கேன். குடிங்க."

பாதியை ஒரே மூச்சில் குடித்தாள். புளிப்புக்கு அடியில் லேசாக ஒரு கசப்பு இருந்தது. கொட்டை நசுங்கியிருக்கும் என்று நினைத்தாள். மீதியை வாங்கி அவர் அண்ணாந்து குடித்தார், ஒரு சொட்டு விடாமல். நுஸைபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னித்துவிட்டார். மன்னிக்காத மனிதர் தன் தண்ணீரில் பாதியைத் தருவாரா?

"எங்க புடிச்ச தண்ணி அண்ணாச்சி?"

"நம்ம பக்கத்துத் தண்ணிதான். ஒண்ணும் இல்ல."

மூன்றாவது இடத்தில் அவள் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது ஆள்காட்டி வரப்பைத் தாண்டி வந்துவிட்டது. சத்தத்தை வைத்து அவளால் தூரத்தைச் சொல்ல முடியும். இருநூறு அடி. சூரியன் இன்னும் காற்றாலைகளின் இறக்கை உயரத்துக்குக்கூட வரவில்லை, காற்றில் பனியின் ஈரம் மிச்சமிருந்தது, ஆனாலும் அவள் முதுகில் வியர்வை வழிந்து இடுப்புத் துணி நனைந்தது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. விழுங்க விழுங்க ஊறியது. பயத்தில் இப்படியும் ஆகும் போல என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

நான்காவது இடத்தில் படிவத்தின் கோடுகள் மங்கின. இடது இமை தானாகத் துடித்தது. நன்றாக விடிந்துவிட்டது, ஆனால் அவளுக்கு மட்டும் வெளிச்சம் குறைந்துகொண்டே போனது. ஆள்காட்டி ஐம்பது அடியில் கத்தியது. அதற்குக் கீழே, காய்ந்த கரிசல் கட்டிகள் பாதத்துக்கு அடியில் நொறுங்கும் சத்தம்.

"அண்ணாச்சி, யாரோ வாராங்க."

"எழுதுங்க டீச்சர். கௌதாரி ரெண்டு."

ஐந்தாவது இடத்துக்கு எப்படி நடந்து வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. மிளகாய்ப் பழத்தின் காரநெடி மூக்கில் ஏறியபோதுதான் வந்துவிட்டோம் என்று தெரிந்தது. குட்டைக்கு நூறு அடி இப்பால், வழக்கமான கல்லில் உட்கார்ந்தாள். இசக்கிமுருகன் இடது பக்கம் நின்றார். அவள் குனிந்தாள். அட்டையின் மேல் படிவம், படிவத்தின் மேல் பேனா, பேனாவின் மேல் விரல்கள். கால் மணி நேரம் தொடங்கியது.

எந்தப் பறவையும் கத்தவில்லை. ஆள்காட்டிகூட. காற்றாலைகள் சுற்றும் இரைச்சல் மட்டும் தூரத்தில் வந்து வந்து போனது. பிறகு இடது காதருகே அவர் குரல் வந்தது.

"மயில்."

அவள் காத்திருந்தாள்.

"ஆண் அஞ்சு. பெண் பன்னெண்டு."

ஒரு வருடமாக அவள் எதிர்பார்த்த வார்த்தை. பயத்துக்குப் பதில் அழுகை வந்தது. எழுதினாள். ஐந்து. பன்னிரண்டு. போன வருடம் பூஜ்யம் போட்ட அதே கட்டங்களில், அழுத்தி எழுதினாள்.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. நான் யார்ட்டயும் சொல்லல. சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா மதினி இருந்திருப்பாவ."

மண் வாடை வந்தது, மழை பெய்த கரிசல் மண்ணின் வாடை. கூடவே மருந்து வாடை. அது குட்டைப் பக்கமிருந்து வரவில்லை. பக்கத்திலிருந்து வந்தது. மிகப் பக்கத்திலிருந்து. கொஞ்ச நேரமாக அது தன் வாய்க்குள்ளும் இருந்தது அவளுக்குப் புரிந்தது.

"பெண் பதிமூணு."

கம்மிய குரல். அவர் குரல் இல்லை. போன வருடம் வரை, கணக்கு முடிந்து அவர் வீட்டுக்குப் போனால், சாப்பிட்டுட்டுப் போங்க டீச்சர் என்று மறித்த குரல்.

நுஸைபா தலை தூக்கவில்லை. பன்னிரண்டை அடித்துப் பதின்மூன்று என்று எழுதினாள். எச்சில் ஒழுகிக் காகிதத்தில் விழுந்தது. மை கரைந்தது.

"ஆண் ஆறு."

பேனா நின்றது. ஆறு? ஐந்துதானே. ஆறாவது யார்?

தலை தூக்கினாள்.

இடது பக்கம் யாரும் இல்லை. கல், வெடிப்பு, அவருடைய காலி பாட்டில். நூறு அடிக்கு அப்பால், குட்டைக் கரையில், நீலச் சட்டை. இசக்கிமுருகன் குப்புறக் கிடந்தார். கழுத்தைத் தண்ணீர்ப் பக்கமாக நீட்டிக்கொண்டு.

எழப் பார்த்தாள். கால் கேட்கவில்லை. கத்தப் பார்த்தாள். நுரைதான் வந்தது.

ஆள்காட்டி கத்தியது. தூரத்தில் இல்லை. கரையில் இல்லை. அவள் தலைக்கு நேர் மேலே. சுற்றிச் சுற்றி. கூடவே வந்தவள் நின்ற இடத்தில்.

காதருகே, பொறுமையாக, கம்மிய குரல்.

"பெண் பதினாலு. எழுதுங்க டீச்சர்."

நுஸைபா குனிந்து பார்த்தாள். அவள் கை ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தது.