650 வார்த்தையில் ஒரு மரணம்

காலை ஏழு மணி பத்து நிமிஷம்.

சியோல், டியூஷன் அகாடமிகள் நிறைந்த தேச்சித் தெரு. நாலாவது மாடியிலிருந்து ஓர் அலறல்...

கீழே ரொட்டிக் கடையில் காபிக்கு நின்ற அம்மாக்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எவளோ மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டாள் என்று நினைத்துத் திரும்பிக்கொண்டார்கள்.

மதிப்பெண் இல்லை. பிணம்!

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் அகாடமியின் டைரக்டர் மா சொக்ஜுன், மேஜையில் கவிழ்ந்து கிடந்தார். தலைக்கு அடியில் விடைத்தாள். கையில் சிவப்புப் பேனா. பக்கத்தில் பாதி குடித்த பாக்கெட், தெம்புக்கான ஜின்செங் வேர்ச் சாறு.

அலறியவள் பதினேழு வயது மாணவி யேரின்.

இன்ஸ்பெக்டர் ப்யோ மேடம் வந்தாள். நாற்பத்தெட்டு வயது. பிணங்களைப் பார்த்து அவள் முகம் சுளித்து வருஷங்கள் ஆகிவிட்டன. இந்த அகாடமியைப் பார்த்துச் சுளித்தாள்.

சுவர் முழுக்கச் சிரிக்கும் போட்டோக்கள். ஒவ்வொன்றின் கீழும் ஓர் அமெரிக்கக் கல்லூரிப் பெயர். வரவேற்பு மேஜைப் பெண் அழுதுகொண்டே ஒரு புகாரும் சொன்னாள். ஆங்கிலப் பரீட்சை நெருங்கினால் பிள்ளைகளுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுமாம். கழிவறைச் சாக்கடை அடைத்துக்கொள்ளுமாம். டைரக்டர் ஆள் கூப்பிடாமலே போய்விட்டாராம்.

"சாக்கடை எங்கே அடைச்சிருக்குன்னு எனக்குத் தெரியுதும்மா" என்றாள் ப்யோ.

டைரக்டர் மாவுக்கு இருதய நோய். மாத்திரை சாப்பிடுகிறவர். மாரடைப்பு என்று எழுதி மூடிவிடச் சொன்னார் மேலதிகாரி. ஆனால் மறுநாள் காலை லேப் ரிப்போர்ட் வந்தது. ஜின்செங் சாற்றில் அதே இருதய மாத்திரை... பத்து மடங்கு!

சாறு கொடுத்தது யார்?

சார்ஜென்ட் கி தலையைச் சொறிந்தான். வாத்தியாருக்கு ஜின்செங் கொண்டு வராத அம்மா தேச்சியில் உண்டா? அந்த வாரம் மட்டும் பதினோரு பேர் கொடுத்திருந்தார்கள்.

அப்போதுதான் போன் அடித்தது.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நெல்சன் ரியூ. அகாடமிப் பிள்ளைகளின் கட்டுரைகளுக்கு ஆங்கிலம் திருத்துகிறவன். விண்ணப்பத்தோடு ஒவ்வொரு பிள்ளையும் தன் வாழ்க்கையைப் பற்றி 650 வார்த்தைக்குள் ஒரு கட்டுரை அனுப்ப வேண்டும். யேரினுடைய கட்டுரையைத் திருத்திக் கொடுத்தவன் அவன்தான். சாவுச் செய்தியைப் படித்ததும் கூப்பிட்டதாகச் சொன்னான்.

"மேடம், அந்தக் கட்டுரைல அவ வாத்தியார் செத்துப் போறார். காலை ஏழு மணிக்கு அவ கதவைத் திறக்கிறா. அவர் மேஜைல கவிழ்ந்து கிடக்கிறார். கையில சிவப்புப் பேனா. பக்கத்துல பாதி குடிச்ச ஜின்செங்."

"அதான் நடந்துச்சே. எழுதியிருக்கா."

"மேடம்... அது என்கிட்ட வந்தது திங்கக்கிழமை. அவர் செத்தது வெள்ளிக்கிழமை!"

ப்யோ கட்டுரையை அனுப்பச் சொல்லிப் படித்தாள். மா என்று பெயரே போட்டிருந்தது. 'அவருடைய விரல்கள் குளிர்ந்திருந்தன. ஆனால் அவர் என்னுள் ஏற்றிய விளக்கு...' அதற்கு மேல் முடியவில்லை. எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தாள்.

தேச்சியில் ஆறாவது படிக்கிற பையன் ஒன்பதாவது கணக்குப் போடுவான். எல்லாமே முன்கூட்டி. துக்கத்தையுமா?

"பொண்ணுதான் மேடம்" என்றான் கி. "பூனை மாதிரி இருந்துக்கிட்டு..."

"யாருக்கெல்லாம் இந்தக் கட்டுரை போச்சுன்னு பாரு முதல்ல."

மறுநாள் காலை பதினொன்றரை. யேரின் வீடு, இருபத்திரண்டாவது மாடி.

அமெரிக்கக் கிழக்குக் கரையில் நள்ளிரவு என்றால் சியோலில் பகல் ஒரு மணி. அன்று அதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். தவறினால் யேரினுக்கு இந்த வாய்ப்பு போயிற்று. கொலைக் கேஸில் மாட்டினால் வாழ்க்கையே போயிற்று. லேப்டாப் முன்னால் வெளிறிப் போய் உட்கார்ந்திருந்தாள். தலையில் இரண்டு இடத்தில் முடியே இல்லை.

யேரினின் அம்மா வெட்டிய பேரிக்காயைத் தட்டில் கொண்டு வந்து வைத்தாள். ப்யோ தொடவில்லை.

"கட்டுரையை எப்போம்மா எழுதினே?" என்று யேரினைக் கேட்டாள்.

"நான் எழுதலையே. எல்லாருக்கும் டைரக்டர் சார்தான் எழுதுவார்."

"அவர் சாவை அவரே எழுதினாரா?"

யேரின் விழித்தாள். "அதுல அவர் சாகிறாரா?"

"நீ படிக்கலையா?"

"அம்மா படிப்பாங்க. நான் கடைசில பட்டன் அமுக்குவேன். அவ்ளோதான்."

கி வாயைப் பிளந்தான். தன் வாழ்க்கைக் கதையைத் தானே படிக்காத ஒரு பெண்!

ப்யோ மெதுவாக அம்மா பக்கம் திரும்பினாள். கி விசாரித்து வந்திருந்தபடி, கட்டுரை மாவின் கம்ப்யூட்டரில் எழுதப்பட்டது. படித்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் எழுதியவர், அவர் போய்விட்டார். இன்னொருவன் கடலுக்கு அந்தப் பக்கம்.

"மூணாவது ஆள் நீங்கதான். வெள்ளிக்கிழமை காலைல ஏழு மணிக்கு இவளை அங்கே அனுப்பினது யாரு?"

அம்மா மறுக்கவில்லை. ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். யேரினுக்கு ஆங்கிலப் பரீட்சையில் முழு மதிப்பெண். வயலின் உண்டு, சமூக சேவை உண்டு. துக்கம்தான் இல்லை. துக்கம் இல்லாமல் அமெரிக்காக்காரன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான் என்றார் மா. 'பிள்ளையை மாற்றிய குரு' ஒருவர் செத்தால் தேவலை என்றவர், அந்த குரு தானேதான் என்று அவரே பேர் போட்டுக்கொண்டார். அத்தனை ஆசை!

"சரி மேடம், எழுதினார். விசாரிப்பாங்களே? போன வருஷம் எதிர் வீட்டுப் பையன் தாத்தா செத்துட்டார்னு எழுதினான். காலேஜ்லேர்ந்து போன் பண்ணினாங்க. தாத்தாவே எடுத்து, 'ஹலோ, யாரு?'ன்னார். பையன் அவுட். டைரக்டர்கிட்டே கேட்டேன். 'போன் நம்பரை மாத்திக் கொடுத்துக்கலாம், விடுங்க'ன்னு சிரிச்சார். என் பொண்ணு வாழ்க்கை அவருக்குச் சிரிப்பா இருக்கு."

"அதுக்காகக் கொன்னுட்டீங்களா?"

"கட்டுரைல என்ன இருந்துச்சோ அதைத்தான் செஞ்சேன். அவர் மேஜைலயே மாத்திரை இருந்துச்சு. ஆறரைக்குப் போய்க் கலந்து கொடுத்தேன். சாஞ்சதும் பேனாவைக் கையில வெச்சேன். என் பொண்ணு பொய் சொல்லிக் காலேஜுக்குள்ள போகக் கூடாது மேடம். இப்ப அதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது."

தன் கொலையைத் தானே வரிக்கு வரி எழுதி, ஆங்கிலமும் திருத்தி வாங்கிக் கொடுத்திருக்கிறார் மா!

கி விலங்கு மாட்டினான். அம்மா கடிகாரத்தைத்தான் பார்த்தாள். பன்னிரண்டு பத்து. "யேரின், பட்டனை அமுக்கு" என்றாள்.

ப்யோ லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டாள். "இது சாட்சி."

லிப்ட் வரை யேரின் பின்னாலேயே வந்தாள். அழுகிறாள், பாவம் என்று நினைத்து ப்யோ அவள் தோளைத் தொடப் போனாள். யேரின் கண்களில் ஒரு சொட்டு இல்லை.

"மேடம், போன்லயே அனுப்பிக்கிறேன். கட்டுரையை மாத்திடுவேன், அம்மா அரெஸ்ட் ஆனதையே எழுதிடுவேன். அது இன்னும் நல்லா இருக்கும். ஆனா சிபாரிசுக் கடிதம் ஒண்ணு குறையுது. டைரக்டர் சார் தர்றதா இருந்தார். நீங்க... தருவீங்களா?"

நீட்டிய கையை ப்யோ மடக்கிக்கொண்டாள்.

"தர்றேம்மா. உனக்கில்லை, உங்கம்மாவுக்கு. ஜட்ஜ் பேருக்கு எழுதுறேன்... ஆயுள் தண்டனைக்கு அட்மிஷன் உறுதி!"