முட்டைத் திருடி என்ற பெயர்

“எங்கம்மா திருடி இல்லன்னு மியூசியத்துக்காரங்க கைப்பட எழுதிக் குடுக்கணும் சார். அது போதும்.”

துப்பறிவாளரைத் தேடி வந்தவள் தையல்காரி. அவளுடைய அம்மா அருங்காட்சியகத்தில் இருபது வருடம் புதைபடிவங்களைச் செப்பனிட்டவர். ஒரு மழைநாளில் டைனோசர் முட்டை ஒன்றோடு முற்றத்தில் பிடிபட்டார். வேலை போயிற்று, போன மாதம் உயிரும் போயிற்று.

துப்பறிவாளர் அவள் அழுது முடியும்வரை காத்திருந்தார். நாற்பது வயதாகியும் ‘அவசரம்’ என்ற பட்டப்பெயர் மாறாத அவருடைய உதவியாளரோ, “கையும் களவுமா பிடிச்சிருக்காங்களே!” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது அவருக்கும்.

மறுநாள் காலை அருங்காட்சியகக் காப்பாளர் மூவரையும் கிடங்குக்கு அழைத்துப் போனார். மேசைமீது எதையோ மூடி விரித்திருந்த பழைய மழைக்கோட்டை விலக்கினார். வட்டமாகப் பதின்மூன்று முட்டைகள், ஓரிடம் காலி. பழக்கதோஷம், விளக்கம் தானாக வந்தது.

“ஓவிராப்டர். முட்டை திருடின்னு அர்த்தம். முதல் எலும்புக்கூடு ஒரு முட்டைக் கூட்டுமேல கெடச்சுது. வேறொண்ணோட முட்டையத் திங்க வந்துச்சுன்னு நெனச்சு அந்தப் பேர வச்சுட்டாங்க. பல வருஷம் கழிச்சு, அந்த மாதிரி முட்டைக்குள்ள அதோட இனத்துக் குஞ்சே இருந்துச்சு. பாவம், அது அடைகாத்திருக்கு!”

“பேர மாத்தலையா?” என்றார் அவசரம்.

“முதல்ல வச்ச பேருதான் நிக்கும். அது விதி.”

துப்பறிவாளர் மழைக்கோட்டைத் தையல்காரியிடம் நீட்டினார். கழுத்தோரம் சிவப்பு நூல் ஒட்டு. “அம்மாவோட கோட்டு. நான் போட்ட தையல்” என்றாள் அவள்.

“கொட்டுற மழையில திருடிட்டு ஓடுறவங்க கோட்டக் கழட்டி இதுங்களுக்கா போர்த்துவாங்க?” துப்பறிவாளர் அண்ணாந்து பார்த்தார். கூரையில் புதிதாகப் பூசிய திட்டு. “முற்றத்துல காவலாளி அவங்களப் பிடிச்சது செப்பனிடுற பட்டறை வாசப்படியில. தெருக்கதவு எதிர்ப்பக்கம். ஒழுகி நனஞ்ச ஒண்ணக் காயவைக்கத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. தினம் இந்தக் கதையச் சொல்ற நீங்களே, முட்டையோட ஒருத்தரப் பாத்ததும் திருடின்னுட்டீங்க.”

காப்பாளர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். “ஒழுகுதுன்னு அவங்க சொன்னாங்க. சாக்குன்னு நெனச்சேன். ரெண்டு நாள் கழிச்சு நானே பாத்தேன். அதுக்குள்ள வேலைய விட்டு எடுத்தாச்சு. தப்ப ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு. இப்பவே எழுதறேம்மா. அவங்க கால்ல விழுந்து குடுக்கறேன்.”

“அம்மா போன மாசம் போயிட்டாங்க சார்.”

அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. எழுத எடுத்த பேனா கையிலேயே நின்றது.

“கடைசி வரைக்கும் ஒண்ணுதான் கேட்டுட்டிருந்தாங்க,” என்றாள் அவள். “அந்த முட்டை காஞ்சுதா சார்?”

காப்பாளர் தலையைத் தூக்கவில்லை.

“இல்லம்மா. சாட்சிப் பொருள்னு ஈரத்தோடயே பூட்டி வச்சோம். பொடிஞ்சு போச்சு.”