மெதுவக்காவின் குரல்

பிரசவ அறை மூன்றாம் மாடியில். அந்த மத்தியானமும் வழக்கம்போல பிரசவ வார்டு நர்ஸ் மெதுவக்கா தள்ளுவண்டியை லிஃப்டுக்குள் தள்ளினாள். வண்டியில் தலைச்சன் பிள்ளைக்காரி ஒருத்தி, இடுப்பு வலியில் பக்கக்கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மாமியார் மட்டும் ஏற மறுத்துவிட்டாள்.

"இந்தப் பெட்டிக்குள்ள நான் வரமாட்டேம்மா. படியேறி வந்துடறேன். இந்தா, வெந்நீர் பிளாஸ்க்கை நீயே வெச்சுக்கோ."

மாமியார் கொடுத்து வைத்தவள். இரண்டாம் மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விளக்கு அணைந்தது. மெதுவக்கா அபாய மணியை அழுத்தினாள். அது செத்துக் கிடந்தது. கதவைத் தட்டிக் கத்தினாள். எங்கோ மேலே, "ஐயோ, யாராவது வாங்களேன்!" என்று மாமியார் அலறுவது மட்டும் மெலிதாகக் கேட்டது.

"அக்கா... வந்துடுச்சுக்கா. தாங்க முடியல."

தொட்டுப் பார்த்தாள். தலை வாசலுக்கே வந்திருந்தது.

மெதுவக்கா என்பது வார்டு வைத்த பட்டப்பெயர். தலை வெளிவரும் நேரத்தில் "மெதுவா, மெதுவா" என்றே எல்லோர் உயிரையும் வாங்குவாள். பத்து வருடத்துக்கு முன்பு அவளும் "முக்கு, முக்கு" என்று தொண்டை கிழியக் கத்தியவள்தான். அப்படிக் கத்தியதில் ஒரு பெண் ஆசனவாய் வரை கிழிந்துபோனாள். உட்கார முடியாமல், மலத்தை அடக்க முடியாமல், பாவம், வீட்டோடு முடங்கிவிட்டாள். அன்றோடு மெதுவக்கா யாரையும் அவசரப்படுத்துவதை விட்டுவிட்டாள்.

இவளையும் கிழிய விட்டுவிடக் கூடாது. வண்டியில் கிடந்த துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, வலது உள்ளங்கையால் கீழ்ச்சதையில் ஒற்றிப் பிடித்தாள். இடது கை விரல்களைக் குழந்தையின் தலையில் வைத்தாள்.

"முக்காதே தங்கம். மெழுகுவத்தியை ஊதுற மாதிரி ஊது. மெதுவா..."

"முக்கு! இன்னும் வேகமா முக்கு!"

சத்தம் லிஃப்டின் மூலையிலிருந்து வந்தது.

அது மெதுவக்காவின் குரல்.

பழைய ரத்த வாடை குப்பென்று அடித்தது.

"எதைக்கா கேக்கறது?" அந்தப் பெண் அழுதாள். "ஊதவா, முக்கவா?"

"ஊது!"

"முக்குடி!"

இரண்டும் ஒரே குரல். எது நிஜம் என்று இருட்டில் அவளுக்கு எப்படித் தெரியும்? தலை கைக்குள் முட்டியது. சதை காகிதமாய் மெலிந்து இழுபட்டது. ஓட இடமில்லை. இடம் இருந்தாலும், கையை எடுத்தால் அவ்வளவுதான்.

"பேச்சைக் கேக்காதே தங்கம். யார் பேசினாலும் கேக்காதே. உன்மேல இருக்கிற கையை மட்டும் கவனி. அழுத்திப் பிடிச்சா ஊது. தளர்த்தினா கொஞ்சமா முக்கு."

சொல்லிவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டாள்.

மூலையில் அது அதட்டியது, கெஞ்சியது, காது கூசத் திட்டியது. பெண் ஊதினாள். நெற்றி, மூக்கு, முகவாய் என்று தலை கொஞ்சம் கொஞ்சமாக நழுவி வந்தது. பிறகு தோள். குழந்தை வீரிட்டது. மெதுவக்கா விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. வாய்விட்டு அழுதுவிட்டாள்.

மூலையில் சத்தம் அடங்கியிருந்தது.

ஆட்கள் வந்து கதவைத் திறந்தார்கள். மாமியார் பேரனை வாங்கி, "நீ நல்லா இருப்பே தாயீ" என்று அவள் கன்னத்தை வழித்தாள்.

அரைமணி கழித்து, கை கழுவிவிட்டுப் பிரசவ அறைக்குப் போனாள். அடுத்தவள் உள்ளே தனியாக வலியில் இருந்தாள். கதவைத் தள்ளினாள், அசையவில்லை. அந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாளே கிடையாது.

"உள்ளே யாரு?"

"பேச்சைக் கேக்காதே தங்கம்." உள்ளேயிருந்து அவளுடைய குரல் சொன்னது, மெதுவாக, ஆசையாக. "வெளியில யார் கூப்பிட்டாலும் கேக்காதே. என் கையை மட்டும் கவனி."

மெதுவக்கா இரண்டு கையாலும் கதவை அறைந்தாள்.

"சரிக்கா," என்றாள் உள்ளே இருந்தவள். "ஆனா உங்க கை ஏன்க்கா இப்படி ஜில்லுனு இருக்கு?"