பொன்முகில் டப்பாவில் அங்காடித் தேநீர்

மோனிஷா பொன்முகில் டப்பாவைப் பளபளவென்று துடைத்துவிட்டு, அதற்குள் வளநிறை அங்காடியின் தேநீர்ப் பைகளை அடுக்கினாள். அங்காடியின் அட்டைப்பெட்டியைத் தன் வீட்டுக் குப்பைத்தொட்டியில் போட அவளுக்குத் தைரியம் வரவில்லை. வருகிறவர்கள் கை கழுவப் போகும் வழியில்தான் அந்தத் தொட்டி இருந்தது. பெட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்துப் பின்வீட்டுத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். அதில் என்னவோ பொடி எழுத்தில் எழுதியிருந்ததை அவள் படிக்கவில்லை. தேநீர் போடுவதற்குக்கூடவா படிக்க வேண்டும்?

ஈரோட்டில் தேநீர் என்றால் உணர்தேநீர் என்று ஆகிப் பல வருடங்கள் ஓடிவிட்டன. மனிதனின் விரல் வியர்வையில் அவன் அந்த நேரத்தில் படும் உணர்ச்சியின் சாரம் இருக்கிறது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். அந்தச் சாரத்தை உறிஞ்சி வைத்திருந்து வெந்நீர் பட்டதும் விட்டுவிடுகிற 'பதிதுகள்' என்ற பொடி பின்னாலேயே வந்தது. குடிப்பவருக்குத் தேநீரோடு அந்த உணர்ச்சியும் உள்ளே இறங்கும், ஒரு பொழுதுக்கு நிற்கும். பொன்முகில் கம்பெனி இதற்கென்றே சிரித்த முகக்காரர்களைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைத்திருந்தது. அவர்கள் குளிர்ந்த கூடத்தில் உட்கார்ந்து, பிரியமானவர்களை நினைத்தபடி துகளை அளைந்து கொடுப்பார்கள். ஏலக்காய் என்றால் உபசாரம், இஞ்சி என்றால் உற்சாகம். விருந்தாளிக்கு ஒரு கோப்பை ஊற்றிவிட்டால் வீட்டுக்காரர்கள் உர்ரென்று இருந்தாலும் வந்தவர்களுக்கு மனம் குளிர்ந்துவிடும். வாய் நிறைய 'வாங்க, வாங்க' என்று சொல்லும் சிரமம் போயிற்று. யார் வீட்டில் எந்த டப்பா இருக்கிறது என்பதே மரியாதை என்றும் ஆயிற்று.

இப்போது வளநிறை அங்காடியும் தன் பெயரிலேயே உணர்தேநீர் போட்டிருந்தது. அதே ஏலக்காய், அதே இஞ்சி, ஆனால் விலை மட்டும் கொள்ளை மலிவு. அதை வாங்கி வந்தவன் மோனிஷாவின் கணவன் பூபேஷ். அவனுக்கு அந்த அங்காடியிலேயே வேலை. வண்டி தானாக ஓடும், வாசல் தேடி நிற்கும். ஆனால் சாமானை இயந்திரக் கை நீட்டினால் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதால், இறக்கி வைத்து வணக்கம் சொல்ல ஓர் ஆளை வைத்திருந்தார்கள். பூபேஷ் அந்த வணக்கத்தை வாங்குகிறவர்கள் வெட்கப்படும் அளவுக்கு நன்றாகச் சொல்வான்.

மோனிஷாவுக்கு உண்மையில் மறைக்க வேண்டியிருந்தது தேநீரை இல்லை, அவனுடைய இந்த வேலையைத்தான். மகள் இயல், கூடப் படித்த மகிழனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். அவனுடைய அப்பா ஹரிஹரனும் அம்மா சுவாதியும் இன்று முதல்முறையாக வீட்டுக்கு வருகிறார்கள், பிடித்திருந்தால் இன்றே தேதி குறித்துவிடுவார்கள். கோயமுத்தூர்க்காரர்கள், வசதியானவர்கள். போனில் சுவாதி கேட்டபோது மோனிஷா, "அவரு சரக்குப் போக்குவரத்துல நிர்வாகத்துல இருக்கறாருங்க" என்று சொல்லி வைத்திருந்தாள். அங்காடித் தேநீரைப் பார்த்தால் அங்கிருந்து நூல் பிடித்து எல்லாவற்றுக்கும் வந்துவிடுவார்களோ என்று பயந்தாள்.

காலையிலேயே இரண்டு பேரும் தேநீரைச் சோதித்துப் பார்த்திருந்தார்கள். மோனிஷா இஞ்சிப் பை ஒன்றை முக்கிக் குடித்தாள். ஒரு வாய் இறங்கியதும் திருடும்போது பிடிபட்டவளைப் போல உடம்பு கூசியது.

"கருமம். இதக் குடிச்சா மனுசி தலையத் தூக்க முடியாதாட்ட இருக்குது" என்று கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

பூபேஷ் சீட்டியடித்துக்கொண்டே ஏலக்காய்ப் பையை முக்கிக் குடித்தான். "அட, அருமையா இருக்குது புள்ள. பண்டிகை நாளாட்ட இருக்குது. இந்தா, ஒரு வாய் குடிச்சுப் பாரு."

"உங்க எச்சலையா? ஒண்ணும் வேண்டாம். அப்ப இஞ்சிதான் மட்டம். அவங்களுக்கு ஏலக்காயே போட்டுக்கறேன். நீங்க மொதல்ல அந்தச் சட்டையக் கழட்டுங்க."

அங்காடியின் பச்சைச் சட்டையைக் கழற்றியபடி அவன் சிரித்தான். "என்ன வேலைன்னு கேட்டா என்ன சொல்லோணும்?"

"நான் பேசிக்கறேன். நீங்க சும்மா சிரிச்சுட்டு உக்காந்திருங்க."

"அது எனக்கு நல்லா வரும்" என்றான். அவனுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

அவர்கள் வந்தார்கள். சுவாதி புடவை கசங்காமல் உட்கார்ந்து, வண்ணத்தாளில் சுற்றிய பரிசு ஒன்றை நீட்டினாள். பிரித்தால் புத்தம் புதுப் பொன்முகில் டப்பா. ஹரிஹரன் தங்கள் பண்ணைவீட்டு மாமரங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பூபேஷ் சொன்னபடியே சிரித்துக்கொண்டிருந்தான்.

மோனிஷா சமையலறையில் எல்லோருக்கும் கோப்பைகளை வரிசையாக வைத்து, பைகளை ஒவ்வொன்றாக எடுத்து முக்கினாள். அப்போதுதான் ஜன்னல் வழியே துணிக்கொடி கண்ணில் பட்டது. துவைத்த பச்சைச் சட்டை ஒன்று, முதுகில் அங்காடியின் பெயரோடு, கூடத்தைப் பார்த்துக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவளுக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. கடவுளே, யாரும் பார்க்கக்கூடாது, இவர் வாயைத் திறக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே பைகளைப் பிழிந்து எடுத்தாள்.

எல்லோரும் குடித்தார்கள்.

ஹரிஹரனின் மாமரப் பேச்சு பாதியில் நின்றது. அவர் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். இயல் தலையைக் குனிந்தாள். சுவாதி கழுத்துச் சங்கிலியை முந்தானையால் மூடினாள். பூபேஷ் மட்டும் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டி தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கைகள். அவற்றை மெதுவாகத் தொடைகளுக்கு அடியில் ஒளித்துக்கொண்டான்.

"மன்னிக்கோணுங்க" என்றான். அந்தக் குரலை மோனிஷா இத்தனை வருடத்தில் கேட்டதே இல்லை. "இவ சொன்னதெல்லாம் பொய்ங்க. நான் அங்காடி வண்டியில சாமான் எறக்கற ஆளுங்க. உங்களுக்கு எதிர்ல உக்காரக்கூடக் கூசுதுங்க."

மோனிஷாவுக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. ஆனால் ஹரிஹரன் நிமிரவே இல்லை. "நீங்க எதுக்குங்க கூசறீங்க? அந்தப் பண்ணைவீடு எங்களுது இல்லீங்க. என் தம்பியோடது. நாங்க வாடகை வீட்டுல இருக்கறோம்" என்றார் முணுமுணுப்பாக.

சுவாதி கோப்பையை முகர்ந்து பார்த்தாள். இன்னொரு வாய் குடித்தாள். பிறகு கண்ணில் தண்ணீரோடு சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏனுங் சம்பந்தி, இது வளநிறை டீ தானுங்களே?"

மோனிஷா விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்லயும் இதேதானுங்க. இப்ப நாங்க குடுத்தம் பாருங்க, அந்த டப்பாவுக்குள்ளயும் இதான் இருக்குது. ஒட்டி மூடி எடுத்துட்டு வந்தேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வளநிறைக்காரங்க துகள்ல எந்த உணர்ச்சியும் ஏத்தறது இல்லீங்க, வெறும் துகளு. அதனாலதான் வெல கம்மி. யாரு கையில எடுத்து முக்கறாங்களோ அவங்க மனசுதான் அதுல எறங்கும். நல்லத நெனச்சுட்டு முக்குங்கன்னு பெட்டியிலயே போட்டிருக்குதுங்களே, பாக்கலீங்களா?"

பெட்டி பின்வீட்டுத் தொட்டியில் துண்டு துண்டாகக் கிடந்தது. எல்லோருடைய பார்வையும் மோனிஷாவின் விரல்களுக்கு வந்தது. பூபேஷ் கடைசியாகத்தான் பார்த்தான். காலையில் அவள் சட்டையைக் கழற்றச் சொன்னதற்கும் இப்போது தன் நெஞ்சில் உட்கார்ந்திருப்பதற்கும் முடிச்சுப் போட அவனுக்கு நேரம் ஆகவில்லை. கோப்பையைக் கீழே வைத்தான்.

கல்யாணத்துக்குத் தேதி குறித்தாயிற்று. இரண்டு வீட்டுக்கும் மறைக்க எதுவும் மிச்சமில்லாததால் பேச்சு சீக்கிரமே முடிந்தது. போகும்போது சுவாதி மோனிஷாவின் கையைப் பிடித்து, "அடுத்த தடவ நான் போடறனுங்க" என்று சிரித்தாள்.

தேநீரில் இறங்கியது சாயங்காலத்துக்குள் உடம்பை விட்டுப் போய்விடும் என்று சொல்கிறார்கள். போயிருக்கும். ஆனால் மறுநாள் பூபேஷ் பச்சைச் சட்டையைப் பைக்குள் மடித்து வைத்து, வேறு சட்டையில் வேலைக்குப் போனான். அங்காடிக் கிடங்கில் போய் மாற்றிக்கொள்வதாகச் சொன்னான். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். வீட்டில் சீட்டிச் சத்தம் இல்லை. வணக்கம் சொல்கிறவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை என்று யாரோ ஒரு வாடிக்கையாளர் அங்காடிக்குக் குறை எழுதினார். அவன் ஒருநாளும் தன் வேலைக்காகக் கூசியவன் இல்லை. அந்தக் கூச்சம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்பது மோனிஷாவுக்குத் தெரியும். தன் புருஷனைத் தானே சிறுமைப்படுத்திவிட்டோமே என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஊரில் விஷயம் பரவியது. எத்தனை வீடுகளில் எத்தனை கோப்பைகள் என்னென்னவற்றைச் சொல்லிவிட்டனவோ, அங்காடி தேநீர் அடுக்குக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஓர் இடுக்கியை விற்பனைக்கு வைத்தது. விரல் படாமல் பையை எடுத்து முக்கலாம். தேநீரைவிட இடுக்கி அதிகம் விற்றது. அதை வீடு வீடாக இறக்கி வைக்கும் வேலையும் பூபேஷுக்குத்தான்.

ஒருநாள் அவன் தன் வீட்டுக்கும் ஓர் இடுக்கி கொண்டுவந்தான். மோனிஷா அதை வாங்கி அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டாள்.

"ஏனுங்க, இன்னைக்கு நீங்க எனக்கு டீ போட்டுக் குடுங்க. கையிலயே எடுத்துப் போடுங்க."

"நானா?"

"ஆமா. அன்னைக்கு ஒரு வாய் குடுத்தீங்களே, நான் வேண்டாம்னுட்டேன். அது வேணும்."

அவன் அடுப்படிக்குப் போனான். ஏலக்காய்ப் பையை விரலால் எடுத்து, நிதானமாக முக்கி, பிழிந்து, கோப்பையைக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மோனிஷா அந்தப் பண்டிகை நாளை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக் குடித்தாள்.

ஒரு வாய் இறங்கியதும், திருடும்போது பிடிபட்டவளைப் போல உடம்பு கூசியது. அன்றைக்குக் காலையில் மட்டம் என்று அவள் தள்ளி வைத்தாளே, அந்த இஞ்சிக் கோப்பையில் இருந்த அதே கூச்சம். அவள் பெற்ற பிள்ளையைப் போல அச்சு அசலாக இருந்தது. இப்போது அது அவன் விரலில் குடியிருந்தது.

"எப்புடி இருக்குது?" என்று கேட்டான் பூபேஷ்.

"அருமையா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, மோனிஷா தலையைத் தூக்காமல் மிச்சத்தையும் குடித்து முடித்தாள்.